பணியாரச் சட்டியில் ஒரு ஈக்வடோரியல் மவுண்ட்

படத்தில் நட்சத்திரம் வட்டமாக இருக்க வேண்டும். அம்பத்தூர் நண்பருக்குச் சீரகமாக வந்தது.

ஒன்றிரண்டு என்றால் பரவாயில்லை. ஓரியன் நெபுலாவைச் சுற்றியிருக்கிற எல்லா நட்சத்திரமும் ஒரே பக்கம் சாய்ந்து, கைப்பிடி சீரகத்தைக் கறுப்புத் துணியில் கொட்டின மாதிரி. மூன்று நிமிடப் படம். அடுத்ததும் அப்படியே. மூன்றாவதில் வட்டம் வந்துவிட்டது. அப்பாடா என்று அவர் நிமிர்வதற்குள் நான்காவது வந்து இறங்கியது. அதில் ஒவ்வொரு நட்சத்திரத்துக்கும் பக்கத்தில் இன்னொன்று முளைத்து, வானம் முழுக்க இரட்டைப் பிள்ளைகள்.

மழைக்காலம் முடிந்து முதல் தெளிந்த இரவு அது. தொலைநோக்கியைத் தாங்கிச் சுற்ற வைக்கும் மவுண்ட் இரண்டு மாதமாகப் பரணில் பையோடு கிடந்தது; அதை மொட்டை மாடிக்குத் தூக்கி வந்து, துருவ நட்சத்திரத்தை நோக்கி நிறுத்தி, எடை சமன் பார்த்து, கேபிள் எங்காவது இழுக்கிறதா என்று தடவிப் பார்த்து, எல்லாம் சரி. கடைசியில் கிளட்சைத் தளர்த்தி அச்சைக் கையால் சுற்றிப் பார்த்தார். ஆறிப்போன அல்வாவுக்குள் கரண்டியை விட்டுக் கிண்டுகிற கனம். ஓரிடத்தில் லேசாகக் கரகரப்பு வேறு.

கிளட்சைத் தளர்த்தினால் மோட்டாரும் பல்சக்கரமும் விலகிக்கொள்ளும். அச்சு பேரிங்கின் மேல் மட்டும் சுற்றும். அப்போதும் கனக்கிறது என்றால் நோய் பேரிங்கில் இருக்கிறது. செகண்ட் ஹேண்டில் வாங்கிய மவுண்ட். முந்தைய சொந்தக்காரர் அதைத் திறந்ததே இல்லை என்று சொல்லித்தான் விற்றார். அன்றைக்கு அது நல்ல செய்தியாகத் தோன்றியது.

தை அமாவாசைக்கு மூன்று வாரம் இருந்தது.

(வான் புகைப்படக்காரர்களின் நாள்காட்டியே அமாவாசையிலிருந்து அமாவாசைக்குத்தான். நிலா இருந்தால் மங்கலான நெபுலா எதுவும் படத்தில் ஏறாது. ஊர் தர்ப்பணத்துக்குக் கடற்கரைக்குப் போகிற நாளில் இவர்கள் மலைக்குப் போகிறார்கள்.)

மவுண்ட் என்ன செய்கிறது என்பதை ஒரு நிமிடம் பார்த்துவிடலாம். பூமி ஒரு சுற்றுச் சுற்ற 23 மணி 56 நிமிடம் 4 நொடி. 24 மணி என்பது சூரியனை வைத்துப் போட்ட கணக்கு. நட்சத்திரக் கணக்கில் ஏறக்குறைய நான்கு நிமிடம் குறைவு. அந்த வேகத்தில் வானம் நொடிக்கு 15 ஆர்க்செகண்ட் நகர்கிறது. ஒரு டிகிரியை 3,600 துண்டாக்கினால் ஒரு துண்டு ஒரு ஆர்க்செகண்ட். நண்பரின் தொலைநோக்கிக்குக் குவியத்தூரம் 400 மி.மீ. கேமராவில் ஒரு பிக்சலின் அகலம் 3.76 மைக்ரான். இரண்டையும் சேர்த்தால் ஒரு பிக்சல் வானத்தில் ஏறக்குறைய 2 ஆர்க்செகண்ட் அளவைப் பார்க்கிறது. மவுண்ட் நகராமல் நின்றுவிட்டால் ஒரே நொடியில் நட்சத்திரம் ஏழெட்டு பிக்சல் தாண்டிவிடும். அதை மூன்று நிமிடம் அதே பிக்சலில் உட்கார வைக்க வேண்டும். அதற்காகத்தான் பூமியின் அச்சுக்கு இணையாக ஓர் அச்சைச் சாய்த்து நிறுத்தி, பூமி சுற்றுவதற்கு எதிர்த்திசையில் அதே வேகத்தில் சுற்ற விடுகிறார்கள்.

யோசனை புதியதல்ல. ஃப்ரான்ஹோஃபர் செய்த 24 செ.மீ. தொலைநோக்கி 1824-ல் எஸ்டோனியாவின் டார்ட்டு நகருக்கு (அன்றைக்கு டோர்பாட்) வந்து சேர்ந்தபோதே இப்படிச் சாய்ந்த அச்சும், அதைச் சுற்ற எடைக்கல் தொங்கும் கடிகாரப் பொறியும் அதில் இருந்தன. இன்றைக்கு அமெச்சூர்களின் மாடியில் நிற்கும் ‘ஜெர்மன் ஈக்வடோரியல்’ அதன் நேரடி வாரிசு. 200 வருடத்தில் கடிகாரத்துக்குப் பதில் ஸ்டெப்பர் மோட்டார் வந்திருக்கிறது. உள்ளே அச்சும் பல்சக்கரமும் கிரீஸும் அப்படியே இருக்கின்றன.

நண்பரின் மவுண்டில் அந்தப் பல்சக்கரம் பித்தளை. 180 பல், விட்டம் ஏறக்குறைய 9 செ.மீ. அதை ஒரு திருகு உருட்டுகிறது; பட்டறையில் வார்ம் என்பார்கள். வார்ம் ஒரு முழுச் சுற்றுச் சுற்றினால் சக்கரம் ஒரே ஒரு பல் நகரும். அந்த ஒரு சுற்றுக்கு 479 நொடி, அதாவது எட்டு நிமிடம்.

இப்போது ஒரு கணக்கு. இந்த வேலையின் உயிரே அதில்தான் இருக்கிறது.

9 செ.மீ. சக்கரத்தின் விளிம்பில் ஒரு ஆர்க்செகண்ட் என்பது எவ்வளவு தூரம்? 0.22 மைக்ரான். தலைமுடி சுமாராக 70 மைக்ரான் தடிமன். ஒரு முடி பல்லுக்கும் வார்முக்கும் நடுவில் நசுங்காமல் நின்றால், வானத்தில் 320 ஆர்க்செகண்ட் பிசகு. முழு நிலாவின் அகலத்தில் ஆறில் ஒரு பங்கு. கண்ணுக்கே தெரியாத 10 மைக்ரான் தூசி போதும், நட்சத்திரம் இருபது பிக்சலுக்கு மேல் தள்ளிப் போக. உண்மையில் கிரீஸுக்குள் அகப்பட்ட தூசி கொஞ்சம் நசுங்கும், கொஞ்சம் உருண்டு விலகும். இவ்வளவு மோசமாகப் போகாது. ஆனால் எந்த அளவில் விளையாடுகிறோம் என்பது இந்தக் கணக்கைப் போட்ட பிறகுதான் உறைக்கும். கேமரா, லென்ஸ், மென்பொருள் என்று மாதக்கணக்கில் பேசுகிறவர்கள்கூட இந்தச் சக்கரத்தின் விளிம்பை நினைத்துப் பார்ப்பதில்லை.

சரி, கைடிங் எதற்கு இருக்கிறது? ஒரு சின்னக் கேமரா நட்சத்திரம் ஒன்றை விடாமல் பார்த்து, அது விலகினால் உடனே மோட்டாருக்குச் சொல்லுமே? (ஹென்றி டிரேப்பர் 1880 செப்டம்பர் 30 அன்று 51 நிமிடம் திறந்து வைத்து ஓரியன் நெபுலாவின் முதல் புகைப்படத்தை எடுத்தார். அடுத்து வந்த பார்னார்டு போன்றவர்கள் மணிக்கணக்கில் கண்ணை எடுக்காமல் வழிகாட்டி நட்சத்திரத்தைப் பார்த்துக் கையாலேயே திருத்திக்கொண்டிருந்தார்கள். அந்தக் கண்ணின் வேலையை இன்றைக்கு பிஎச்டி2 என்கிற இலவச மென்பொருள் செய்கிறது.)

அங்கேதான் கெட்டுப்போன கிரீஸ் விளையாடுகிறது. தனியாகப் பீரோவைத் தள்ளிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். தள்ளு, தள்ளு, அசையாது; இன்னும் கொஞ்சம் என்று அழுத்தினால் சட்டென்று அரை அடி போய்விடும். கனத்துப்போன பேரிங்கும் அப்படித்தான். மென்பொருள் ‘ஒரு ஆர்க்செகண்ட் நகரு’ என்கிறது, நகரவில்லை. மறுபடி சொல்கிறது, இல்லை. மூன்றாவது முறை மொத்தமும் சேர்ந்து ஒரே தாவல். அந்தத் தாவல்தான் இரட்டைப் பிள்ளை.

அதே சமயம், கிரீஸ் மாற்றினால் எல்லாம் தீரும் என்று நம்பி இறங்கக்கூடாது. வார்மைக் கடைந்தபோதே அதில் இருக்கிற கோணல், எட்டு நிமிடத்துக்கு ஒருமுறை நட்சத்திரத்தை ஒரு பக்கம் இழுத்து மறுபக்கம் விடும். எந்த கிரீஸும் அதை மாற்றாது. ஆனால் அது மெதுவான, சீரான ஆட்டம், கைடிங் சமாளித்துக்கொள்ளும். சமாளிக்க முடியாதது எதிர்பாராத தாவல்.

நண்பர் முதலில் போனது பக்கத்துத் தெரு கார் மெக்கானிக்கிடம். திறப்பதற்கு முன்னால் ஒரு கேள்வி கேட்கத்தான் போனார். மவுண்டின் வரைபடத்தைக் காட்டினார்.

“இது டேப்பர் ரோலர் பேரிங்தானே சார்? நம்ம வண்டி முன் சக்கரத்துல வர்றது. சின்ன சைஸ், அவ்வளவுதான்.”

“ஆமாண்ணே. எந்த கிரீஸ் போடலாம்?”

“கிரீஸை விடுங்க. பழசை எடுக்கறதுதான் வேலை. முக்காவாசிப் பேரு பழசு மேலயே புதுசை அப்பிடுவாங்க. கழுவுங்க, காயவிடுங்க, திரும்பக் கழுவுங்க. அப்புறம் வாங்க, கிரீஸ் பத்திப் பேசலாம்.”

ஹென்றி டிம்கன் 1898-ல் காப்புரிமை பெற்ற வடிவம் இந்த டேப்பர் பேரிங். உருளைகள் கூம்பு வடிவில் இருப்பதால் பக்கவாட்டு எடையையும் நீளவாக்கில் வரும் அழுத்தத்தையும் சேர்த்தே தாங்கும். மவுண்டுக்கு இரண்டும் தேவை. எது எவ்வளவு என்பதை ஊர் தீர்மானிக்கிறது, இது அழகான விஷயம். துருவ நட்சத்திரம் சென்னையில் அடிவானத்திலிருந்து 13 டிகிரிதான் மேலே. அச்சும் அதே 13 டிகிரியில், ஏறக்குறையப் படுத்தே கிடக்கும். தொலைநோக்கி, எடைக்கல் எல்லாவற்றின் கனத்திலும் 97 சதவீதம் பேரிங்கின் பக்கவாட்டில் இறங்குகிறது. பெர்லினில் அச்சு 52 டிகிரிக்கு நிமிர்ந்திருக்கும். அங்கே நீளவாக்கில் அழுத்துவதே அதிகம். பிறகு நண்பர் பேரிங்கைக் கழற்றிப் பார்த்தபோது, வெளி வளையத்தின் கீழ்ப்பாதி தேய்த்து வைத்த தாம்பாளம் மாதிரி பளபளத்தது. கிரீஸ் அங்கிருந்து முழுக்கப் பிதுங்கி மேல் பக்கம் போய்க் காய்ந்திருந்தது. எடை உட்காரும் இடத்தில் ஒரு சொட்டு இல்லை.

கழற்றும் வேலைக்கு ஒரு சனிக்கிழமை. மேசையில் வெள்ளை வேட்டி விரிப்பு (கீழே விழும் திருகு வெள்ளையில்தான் தெரியும்), ஆலன் கீ செட், கொக்கி ஸ்பேனர், பல் துலக்கும் பழைய பிரஷ் நாலு. திருகுகளைப் போட்டு வைக்க, கோட்டிங் போய் வீட்டில் ஓரங்கட்டியிருந்த ஏழு குழிப் பணியாரச் சட்டி. ஒரு படிக்கு ஒரு குழி: போலார் ஸ்கோப்பை (துருவ நட்சத்திரத்தைக் குறிபார்க்கும் குட்டித் தொலைநோக்கி) பிடிக்கும் திருகுகள் முதல் குழியில், மோட்டார் மூடி இரண்டாவதில், வார்ம் கூடு மூன்றாவதில். திரும்பப் பூட்டும்போது ஏழாவது குழியிலிருந்து பின்னோக்கி வந்தால் போதும். இதைவிட நல்ல ஏற்பாட்டை எந்தக் கடையிலும் விலைக்கு வாங்க முடியாது என்பது அவர் கட்சி. செல்போனில் ஒவ்வொரு படிக்கும் ஒரு படம். வார்ம் கூடு எந்தப் பக்கம் பார்த்திருந்தது, வாஷரின் வழவழப்பான முகம் மேலா கீழா, பேரிங்கின் கூம்பு எந்தத் திசை: இதெல்லாம் நினைவிருக்கும் என்று தோன்றும். மூன்று மணி நேரம் கழித்து இருக்காது.

பெரிய நட்டு அசையவில்லை. பலம் போட்டுத் திருகும் முன் ஒரு தடவை சுற்றிலும் பார்த்தார். பக்கத்தில், பெயிண்டுக்குள் புதைந்த மாதிரி, தலையில்லாத ஒரு குட்டித் திருகு, க்ரப் ஸ்க்ரூ. அதைத் தளர்த்தினதும் நட்டு இரண்டு விரலில் வந்தது. மவுண்டில் எது இறுகி நின்றாலும் எங்காவது ஒரு க்ரப் ஸ்க்ரூ ஒளிந்திருக்கும். ஸ்பேனரில் குழாயை மாட்டி நெம்புகிறவர்கள் அலுமினியத் திரெட்டை அழித்துக்கொள்வது இந்த இடத்தில்தான்.

உள்ளே இருந்தது கிரீஸ் என்று சொல்ல முடியாது. தார். தொட்டால் விரலோடு நூல் இழுத்தது. விலை குறைந்த மவுண்டுகளில் இந்த மாதிரிப் பிசுபிசுப்பான கிரீஸ் சகஜம். இழுத்துப் பிடிக்கும் கிரீஸ், பாகங்களுக்கு நடுவில் இருக்கிற சின்ன ஆட்டத்தை மறைத்துவிடும். கையால் சுற்றிப் பார்த்தால் ‘கனமாக, உறுதியாக’ இருக்கும். வருடம் ஆக ஆக எண்ணெய் பிரிந்து போய் கெட்டி மட்டும் மிஞ்சும்.

மெக்கானிக் கடையில் பேரிங் கழுவ வைத்திருந்த மண்ணெண்ணெயில் ஒரு லிட்டர் வாங்கி வந்திருந்தார். மொட்டை மாடியில், திறந்த வெளியில், பக்கத்தில் நெருப்பு எதுவும் இல்லாமல் கழுவினார். முதல் குளியலில் எண்ணெய் காப்பி நிறமானது. இரண்டாவதில் டீ. மூன்றாவதில்தான் அடி தெரிந்தது. மண்ணெண்ணெய் காய்ந்தாலும் மெல்லிய படலம் ஒன்றை விட்டுவிட்டுத்தான் போகும். அதனால் கடைசிக் குளியல் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில். பிளாஸ்டிக் பாகம், சர்க்யூட் போர்டு, போலார் ஸ்கோப் மூன்றும் இந்தக் குளியலறைப் பக்கமே வரக்கூடாது. இன்னொரு எச்சரிக்கையும் மெக்கானிக் சொல்லி அனுப்பியிருந்தார்: கழுவின பேரிங்கைக் காற்றடித்துச் சுற்ற விடக்கூடாது. சத்தம் இனிமையாகத்தான் இருக்கும். ஆனால் எண்ணெய் இல்லாமல் அந்த வேகத்தில் சுற்றினால் உருளையும் வளையமும் கீறிக்கொள்ளும். கூடு உடைந்து உருளை பறந்தால் கண்ணுக்கு ஆபத்து.

கழுவின மண்ணெண்ணெயை ஒரு பாட்டிலில் ஊற்றி ஓரமாக வைத்தார். மூன்று நாள் கழித்து மேலே தெளிந்திருந்தது. அடியில் தங்க நிறத்தில் ஒரு கோடு. டார்ச்சைக் காட்டினால் மினுமினுத்தது. காந்தத்துக்கு வரவில்லை. பித்தளைத் தூள். சக்கரம் தேய்ந்த தூள், கடைந்தபோது பல்லிடுக்கில் தங்கின தூள், இத்தனை வருடமும் கிரீஸோடு சேர்ந்து வார்முக்கு நடுவில் அரைபட்டுக்கொண்டிருந்தது. பழசின் மேலேயே புது கிரீஸை அப்பியிருந்தால், எவ்வளவு விலை உயர்ந்த டியூபாக இருந்தாலும், இந்தத் தூளும் சேர்ந்தே உள்ளே போயிருக்கும்.

முதல் பிழை துடைப்பதில். கையில் கிடைத்தது பனியன் வேஸ்ட். எண்ணெயை நன்றாக உறிஞ்சும், எல்லாப் பட்டறையிலும் கிடைக்கும். துடைத்து முடித்து, டேபிள் விளக்கைச் சாய்த்துச் சக்கரத்தைப் பார்த்தால் பல்லுக்குப் பல் வெள்ளை இழை. பருத்தி இழை ஒன்றின் தடிமன் 15 மைக்ரான் வாக்கில் வரும். மேலே போட்ட கணக்குப்படி அறுபது எழுபது ஆர்க்செகண்ட். எல்லாவற்றையும் திரும்பக் கழுவி, கண்ணாடி துடைக்கும் மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றியெடுத்தார். பல்லிடுக்குக்குக் காப்பி ஃபில்டர் தாளைக் கூராக மடித்துக்கொண்டார். 180 பல். ஒவ்வொன்றாக. ரேடியோவில் ஒரு கிரிக்கெட் மேட்ச் முடிந்துவிட்டது.

இனிதான் கிரீஸ்.

கிரீஸ் என்பது சோப்புக்குள் ஊறின எண்ணெய். சோப்பு ஒரு பஞ்சு மாதிரி. எண்ணெயைப் பிடித்து வைத்துக்கொண்டு, அழுத்தம் வரும்போது கொஞ்சம் கொஞ்சமாக விடும். இன்றைக்கு எங்கும் கிடைக்கும் லித்தியம் கிரீஸுக்குக் கிளாரன்ஸ் ஏர்ல் 1942-ல் காப்புரிமை பெற்றார். எவ்வளவு கெட்டி என்பதை என்எல்ஜிஐ எண்ணால் சொல்வார்கள். அளக்கும் விதம் ரசிக்கத்தக்கது: 25 டிகிரி சூட்டில் கிரீஸை அறுபது முறை இடித்துக் கலக்கி, மேலிருந்து ஒரு கூம்பை ஐந்து நொடி இறங்க விட்டு, எவ்வளவு ஆழம் போயிற்று என்று பார்ப்பது. 2-ம் எண் என்றால் 26.5 முதல் 29.5 மி.மீ. வரை இறங்க வேண்டும். சாப்பாட்டு உவமையும் உண்டு. 000 தக்காளி சாஸ், 2 வேர்க்கடலை வெண்ணெய், 3 வனஸ்பதி. மவுண்டுக்குப் பொதுவாக 2 போதும். குளிர் அதிகமுள்ள ஊரில் 1-க்கு இறங்குவார்கள்.

நண்பர் எடுத்தது டெஃப்லான் தூள் கலந்த செயற்கை எண்ணெய் கிரீஸ், 2-ம் எண். உலகம் முழுக்க மவுண்ட் திறக்கிறவர்களில் பலர் சூப்பர் லூப் என்கிற டியூபைப் பயன்படுத்துகிறார்கள். நல்ல வெள்ளை லித்தியம் கிரீஸ் போட்டும் வருடக்கணக்கில் ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். பிராண்டைப் பற்றி இரவு முழுக்கச் சண்டை போடலாம், பயன் குறைவு. மூன்றை மட்டும் தவிர்த்தால் போதும். முதலாவது, கந்தக மருந்து சேர்ந்த சில கனரக கிரீஸ்கள். பித்தளையைக் கறுக்க வைக்கும். இரண்டாவது, வேறு வேறு அடிப்படை கொண்ட கிரீஸ்களைக் கலப்பது. லித்தியமும் பாலியூரியாவும் சேர்ந்தால் பல சமயம் இரண்டும் இளகிக் கஞ்சியாகிவிடும். மூன்றாவது டபிள்யூடி-40. அதன் பெயரிலேயே விஷயம் இருக்கிறது: நீரை விலக்க 1953-ல் சான் டியாகோவில் நாற்பதாவது முயற்சியில் பிறந்த கலவை. ராக்கெட் உடல் துருப்பிடிக்காமல் இருக்கச் செய்தது. துருவுக்கும் இறுகின திருகுக்கும் அது அருமையான சாமான். பேரிங்குக்குள் அடித்தால் இருக்கிற கிரீஸையும் கரைத்து ஓட வைத்துவிடும்.

எவ்வளவு போடுவது? மெக்கானிக் செய்து காட்டினார். உள்ளங்கையில் ஒரு நெல்லிக்காய் அளவு கிரீஸை வைத்து, பேரிங்கின் அகன்ற விளிம்பை அதில் அழுத்தி அழுத்தி, உருளைகளுக்கு நடுவால் மறுபக்கம் எட்டிப் பார்க்கும் வரை ஏற்றினார். பிதுங்கினதை வழித்துவிட்டார். வார்முக்கும் சக்கரத்துக்கும் இந்தத் தாராளம் கூடாது. பிரஷால் ஒரு மெல்லிய பூச்சு, பித்தளை நிறம் உள்ளிருந்து மங்கலாகத் தெரிய வேண்டும். கூடுதலாகப் போட்டது பல்லுக்கு வெளியே ஒதுங்கி நின்று தூசியைச் சேர்க்கும்.

(பெரிய தொலைநோக்கிகள் வேறு வழி கண்டன. 1948-ல் திறந்த பாலோமர் மலையின் 5 மீட்டர் தொலைநோக்கியில் நகரும் பாகம் மட்டும் சுமார் 530 டன். அது உட்கார்ந்திருப்பது அழுத்தி ஏற்றிய எண்ணெயின் மெல்லிய படலத்தின் மேல். இரும்பை இரும்பு தொடுவதே இல்லை.)

பூட்டும் வேலை மளமளவென்று போனது. ஏழாவது குழி, ஆறாவது, ஐந்தாவது. பெரிய நட்டை இறுக்குவதில் மட்டும் நிதானம். தளர்ந்தால் அச்சு ஆடும். இறுக்கினால் உருளை கிறீச்சிடும். ஆட்டம் நின்ற இடத்தில் நிறுத்தி, தொலைநோக்கி இல்லாத வெறும் அச்சை விரலால் ஒரு தட்டு தட்டினார். வழுக்கிக்கொண்டு போய் மெதுவாக நின்றது. ஒரு வாரத்துக்கு முன் அல்வாவில் கரண்டி விட்ட அதே அச்சு.

சட்டி காலி. மேசை காலி. கைகழுவப் போகும் முன் மண்ணெண்ணெய் ஊற்றி வைத்த தட்டைக் கவிழ்த்தார். தட்டின் அடியில் எண்ணெய்ப் பசையில் ஒட்டிக்கொண்டு, காகிதத் தடிமனில், ஒரு வாஷர். பக்கவாட்டு ஆட்டத்தைச் சரிசெய்ய வைக்கிற ஷிம். எந்தக் குழியிலும் சேராதது. செல்போனில் முப்பத்தெட்டு படத்தைப் புரட்டி, இருபத்திரண்டாவதில் அது எங்கே இருந்தது என்று கண்டுபிடித்து, திரும்பப் பிரித்தார். இரவு 11 மணி.

மறுநாள் மெஷ். வார்மும் சக்கரமும் எவ்வளவு நெருக்கமாகக் கடிக்க வேண்டும் என்று வைக்கிற இடம். தள்ளி வைத்தால் திசை மாறும்போது இடைவெளியில் வார்ம் வெறுமனே சுற்றும், பேக்லாஷ். நெருக்கி வைத்தால் சிக்கும். எதிரெதிரே இரண்டு க்ரப் ஸ்க்ரூ, ஒரு சுற்றில் பதினாறில் ஒரு பங்கு என்று நகர்த்த வேண்டும். சக்கரம் எதுவும் முழு வட்டம் கிடையாது. ஓரிடத்தில் தளர்வாக இருப்பது இன்னோரிடத்தில் இறுகும். அதனால் முழு 360 டிகிரியும் மோட்டாரை ஓட்டி, சத்தம் கனக்கும் இடத்தைக் கண்டுபிடித்து, அந்த இடத்துக்கு ஏற்றபடி வைக்க வேண்டும். நண்பர் அப்படியே செய்தார். மொட்டை மாடியில், மதியம் இரண்டு மணிக்கு. அசைத்தால் ஒரு மயிரிழை ஆட்டம்கூட இல்லாத அளவுக்குக் கச்சிதமாக.

தை அமாவாசை இரவு ஜவ்வாது மலையில், ஒன்பது மணிக்கு மவுண்ட் நின்றுவிட்டது.

மோட்டார் உறுமுகிறது. அச்சு நகரவில்லை. கணினித் திரையில் எல்லாம் சரியாக ஓடுவதாகத்தான் காட்டுகிறது. ஸ்டெப்பர் மோட்டார் சிக்கிக்கொண்டு படி தவறினால் இந்த வகை மவுண்டுக்கு அது தெரியாது. கையால் தொட்டால் உலோகம் சில்லென்று இருந்தது. அப்போதுதான் அவருக்குப் பிடிபட்டது. மதியம் மாடியில் 34 டிகிரி. இங்கே 14. கூடு அலுமினியம், சக்கரம் பித்தளை. இரண்டும் குளிரில் சுருங்கும், அலுமினியம் கூடுதலாகச் சுருங்கும். வார்மையும் சக்கரத்தையும் பிரித்து வைத்திருப்பது கூடுதான். 20 டிகிரி இறங்கினால், இந்த அளவுச் சக்கரத்துக்கு இரண்டும் ஏறக்குறைய 4 மைக்ரான் நெருங்கிவிடும். மதியம் மயிரிழைகூட விடாமல் வைத்த இடத்தில் நாலு மைக்ரானுக்கு இடம் எங்கே இருக்கும்?

தலையில் சிவப்பு டார்ச், வாயில் ஒரு ஆலன் கீ, கையில் இன்னொன்று. ஒரு க்ரப் ஸ்க்ரூவைப் பதினாறில் ஒரு பங்கு தளர்த்தி, எதிரே இருப்பதை அதே அளவு இறுக்கினார். மோட்டாரை ஓட்டினார். உறுமல் குறைந்தது. இன்னும் ஒரு தடவை. இப்போது ஒரே சீரான ரீங்காரம், முழுச் சுற்றுக்கும். தொலைநோக்கியை வடக்கு தெற்காகத் திருப்பும் இரண்டாவது அச்சான டெக் அச்சிலும் அதே வேலை. பிஎச்டி2-வின் கைடிங் அசிஸ்டென்ட்டை ஓட்டி பேக்லாஷ் அளவைப் பார்த்தார். பூஜ்யம் இல்லை. திருத்தம் சொன்னவுடன் நகர்கிறது, தாவவில்லை. அது போதும். மெஷ் வைக்க வேண்டியது படம் எடுக்கப்போகிற குளிரில்தான் என்று மவுண்ட் மூடியின் உள்பக்கம் ஒரு சீட்டு எழுதி ஒட்டியிருக்கிறார்.

பத்தே முக்காலுக்கு முதல் மூன்று நிமிடப் படம் இறங்கியது. திருவாதிரைக்குத் தெற்கே, மூன்று நட்சத்திரத்துக்குக் கீழே, அதே நெபுலா. நடுவைப் பார்க்காமல் முதலில் மூலையைப் பெரிதாக்கினார். வட்டம். இடது மேல் மூலை, வலது கீழ் மூலை, எங்கே பார்த்தாலும் வட்டம். அடுத்த படம் வட்டம். அதற்கடுத்ததும். ஓரியன் மேற்கே தாழ்கிற வரை அவர் தொடவே இல்லை.

அதே மலைத்தொடரில்தான் காவலூர் இருக்கிறது. 1986 ஜனவரியில் வானியலாளர் வைணு பாப்புவின் பெயரைச் சூட்டி அர்ப்பணித்த 2.34 மீட்டர் தொலைநோக்கியின் வீடு. இவ்வளவு தெற்கே இருப்பதால் கிடைக்கும் தென்வானம் இந்த இடத்தின் பெரிய செல்வம். விடியற்காலை ஐந்து மணிக்கு நண்பர் தொலைநோக்கியைத் தெற்கே திருப்பினார். ஒமேகா சென்டாரி நட்சத்திரக் கொத்து அங்கே முப்பது டிகிரி உயரத்தில் நின்றது. பெர்லின்காரர்களுக்கு அது அடிவானத்துக்கு மேலே வருவதே கிடையாது. டெக் அச்சு அவ்வளவு தூரம் சுற்றி இறங்கும்போது காதை வைத்துக் கேட்டார். ரீங்காரம் மாறவில்லை. கிழக்கு வெளுப்பதற்குள் பதினொரு படம் எடுத்துவிட்டார்.